எண்ணெய் குடித்த பிரேக்

பிரேக்கைப் பற்றிச் சுப்பையன் ஒரு பேச்சு வைத்திருந்தார். "பிடிக்காத பிரேக்கு ஒரே நாள்ல கொல்லும். விடாத பிரேக்கு தெனம் தெனம் கொல்லும். ரெண்டுல எது மோசம், சொல்லு மாப்ளே?" காஜா பேராங் சாலையில் இருந்த அவருடைய பட்டறைக்கு வந்த லோரிக்காரன் ஒவ்வொருவன் காதிலும் இது விழுந்திருக்கும். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொள்வார். மாப்பிள்ளை ராஜரத்தினம் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. லோரிக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறவன் வாயைத் திறந்தால் மண்ணும் கிரீஸும்தான் உள்ளே விழும்.

ராஜரத்தினம் ஜாசின் பக்கம் ரப்பர் பால் எடுக்கும் ஒரு கித்தாத் தோட்டத்தில் பிறந்தவன். ஜப்பான்காரன் விட்டுப் போன ராணுவ லோரிகளைப் பிரித்துப் பிரித்தே வேலை கற்றான். ஒரு மழை நாளில் சுப்பையனின் லோரி அந்தத் தோட்டத்துச் சேற்றில் மாட்டிக்கொண்டது. இவன் சக்கரத்தைக் கழற்றி மாட்டிய அழகைப் பார்த்து அவர் அங்கேயே முடிவு கட்டிவிட்டார். பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதர். கோகிலா ஒரே மகள். மகளைப் பிரியவும் கூடாது, கைவேலைக்காரன் ஒருவனும் வேண்டும். கல்யாணம் முடிந்த கையோடு பட்டறைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்கு மாப்பிள்ளையைக் கூட்டி வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ராஜரத்தினத்துக்குக் குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் குறை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி கேட்காமல் வரும். தீபாவளி வேட்டி கேட்காமல் வரும். சம்பளம் மட்டும் கேட்டாலும் வராது. "வீட்டுப் புள்ளைக்கு எதுக்குய்யா சம்பளம்?" முடிவெட்டுக்காரன்கூட இவனைக் கேட்க மாட்டான். "ஒங்க மாமா சொல்ற மாதிரியே ஒட்ட வெட்டிடறேன்" என்று கத்தரியை எடுத்துவிடுவான். ராஜரத்தினத்தின் தலைமுடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதுகூட சுப்பையன் கையில்தான் இருந்தது.

மெர்டேக்கா வந்த வருஷம் அது. நாடு விடுதலை பெறுவதற்குச் சில மாதம் முன்னால் ஒரு பச்சைக் கார் பட்டறை வாசலில் வந்து நின்றது. கூரை இல்லை, இரண்டே பேர் உட்காரலாம், முகத்தில் உருட்டி விழிக்கிற இரண்டு விளக்கு. எதிர்வரிசைச் செட்டி வீட்டுப் பிள்ளைகள் பார்த்ததும் "காத்தாக்! காத்தாக்!" என்று கத்தினார்கள். தலைமுறைகளாகத் தமிழ் மறந்த அவர்கள் பேசும் மலாயில் தவளை என்று அர்த்தம். அன்றிலிருந்து அந்தக் காருக்குத் தவளை என்றே பேராயிற்று.

ஓட்டி வந்தவர் பொன்னுதுரை. யாழ்ப்பாணத்து வக்கீல் குடும்பம், சீமையில் படித்துவிட்டு வந்தவர். பத்து பெரண்டாம் என்ற ஊரின் விமானத் திடலில் மோட்டார் கிளப்பார் சில ஞாயிறுகளில் கார்களை ஓடவிடுவார்கள். கண்மண் தெரியாமல் நேராக ஓட்டிப் போய், கோடியில் நிறுத்தி வைத்த பீப்பாய்களைச் சுற்றித் திரும்ப வேண்டும். பீப்பாய்க்கு அப்பால் ஆள் உயரக் கால்வாய்.

"முதல் ரெண்டு சுத்தும் அருமை" என்றார் பொன்னுதுரை. "மூண்டாவதிலை மிதிக்கிறன், வண்டி நிக்கேல்லை. லாலான் புல்லுக்குள்ளை இறக்கித்தான் நிப்பாட்டினன். இன்னும் கொஞ்சம் போயிருந்தா கால்வாய்."

"மிதிச்சப்போ பெடல் கல்லு மாதிரி இருந்துச்சா, இல்ல கீழ போச்சா?" என்று கேட்டான் ராஜரத்தினம்.

"முதலிலை கல்லு. பிறகு பஞ்சு மெத்தை."

"அப்ப ரெண்டு கோளாறும் இருக்குங்கய்யா. லைனிங் வெந்து வழுக்கிருச்சு. அப்புறம் பிரேக் எண்ணெயும் கொதிச்சுப் போச்சு."

பொன்னுதுரை சீமைப் பத்திரிகை ஒன்றை விரித்தார். சக்கரத்தோடு சுற்றும் டிரம்மே இல்லாத புதுமாதிரி பிரேக். இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிறது. ராஜரத்தினத்துக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் தவளையின் அச்சில் அதை மாட்ட வழியில்லை. அடுத்த பக்கத்தில் செதில் வைத்த அலுமினிய டிரம். அது சூட்டைச் சீக்கிரம் விடும். சொல்லி வைத்தால் எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை.

சுப்பையன் எட்டிப் பார்த்தார். "இதுக்குப் போயி சீமைக்கு எழுதணுமா? லோரி லைனிங்கை வெட்டிப் போட்டுவிடு மாப்ளே. யானையை நிறுத்துற கயிறு, தவளையை நிறுத்தாதா?"

"அது சூடேறினாத்தான் பிடிக்கும் மாமா. இந்த எடைக்கு அந்தச் சூடு ஏறாது."

"ஏறலேன்னா காலை நல்லா அழுத்தச் சொல்லு. சீமையில படிச்ச காலுதானே?"

பொன்னுதுரையே சிரித்துவிட்டார். கடைசியில் மூன்று பேருமாகப் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். பந்தயக் காருக்கென்றே செய்கிற கெட்டி லைனிங்கைச் சீமையிலிருந்து வரவழைப்பது பொன்னுதுரை பொறுப்பு. கெட்டி லைனிங் காலையில் குளிர்ந்து கிடக்கும்போது சரியாகப் பிடிக்காது, இரண்டு மிதி மிதித்துச் சூடேற்ற வேண்டும். ஆனால் மற்றதெல்லாம் வெந்து வழுக்குகிற சூட்டில் இது கவ்வும். டிரம்முக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் துளை போட்டுக் காற்று விடுவது சுப்பையன் சொன்ன யோசனை. புக்கிட் பூத்துஸ் இறக்கத்தில் பாரத்தோடு இறங்குகிற லோரிகளுக்கு அவர் செய்து பார்த்ததுதான். பிரேக் எண்ணெயை முழுக்க வடித்துப் புதிதாக விடுவது ராஜரத்தினம் வேலை.

சுப்பையன் தேநீர் போடச் சொல்ல உள்ளே போனார். பொன்னுதுரை குரலைத் தாழ்த்தினார். "இஞ்ச பாரும். என்ரை மாமா சிங்கப்பூரிலை கார்ப் பட்டறை ஒண்டு துறக்கிறார். நான்தான் பாக்கப்போறன். இந்தத் தவளை ஒழுங்கா நிண்டுதெண்டா, நீரும் வாரும். குடும்பத்தோடை இருக்க வீடும் இருக்கு."

"சம்பளம்?"

"இதென்ன கேள்வி? சம்பளமில்லாமல் ஆர் வேலை செய்யிறான்?"

ராஜரத்தினம் துளை போட வேண்டிய தகட்டைக் கழற்ற உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலம் தேங்காய் துருவிக்கொண்டிருந்த கோகிலாவிடம் சொன்னான். அவள் கை நின்றது. கோயில், பசார், வீடு என்று முக்கோணத்தில் வளர்ந்தவள். "சம்பளமா? உங்க கையிலயா?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்பாகிட்ட யாரு சொல்றது?"

"வண்டி மொதல்ல நிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

"நிக்குமா?"

"லைனிங் வந்தா நிக்கும்."

லைனிங் வந்தது, சுதந்திரக் கொண்டாட்டம் எல்லாம் ஓய்ந்து ஊரில் கட்டிய அலங்கார வளைவுகளை அவிழ்க்கிற சமயத்தில். அந்த ஞாயிறு விமானத் திடலில் ஓட்டம். அதற்கு முந்தின புதன்கிழமை ஆயுத பூஜை. முதல் நாள் மாலையிலேயே ராஜரத்தினம் பழைய லைனிங்கைப் பெயர்த்து, ஷூக்களில் புதிதை வைத்து ரிவெட் அடித்து முடித்துவிட்டான். அரை வட்டமாக வளைந்த இரும்பு ஷூ, அதன் முதுகில் சாம்பல் நிற லைனிங். மிதித்தால் டிரம்மின் உள்சுவரில் உரசி வண்டியை நிறுத்துவது அதுதான். தவளை சக்கரமில்லாமல் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. மாட்டிவிடலாம் என்று ஷூவைக் கையில் எடுத்தபோது சுப்பையன் தடுத்தார்.

"பூஜைக்கு முன்ன எதையும் மாட்டாதே. சாமி முன்னாடி ஒரு ராத்திரி இருக்கட்டும். பூஜையன்னிக்குக் கருவியில கை வைக்கக் கூடாது. வியாழக்கிழமை மாட்டு."

அதுவும் சரிதான் என்று ராஜரத்தினத்துக்கே பட்டது. ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றோடும் ஷூக்களையும் தட்டில் அடுக்கி வைத்தான். இரும்பின் ஓரத்தில் சந்தனப் பொட்டு தானே வைத்தான். லைனிங்கில் விரல் படாமல் பார்த்துக்கொண்டான். ஆனால் அதை வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை.

வியாழன் காலையில் மூடிக் கிடந்த பூவை விலக்கித் தட்டைத் தூக்கியவனுக்கு நல்லெண்ணெய் வாசம் அடித்தது. சாம்பல் நிறத்தில் இருந்த லைனிங் கன்னங்கரேல் என்று பளபளத்தது.

கோகிலா பின்னால் வந்து நின்றாள். முகம் முழுக்கப் பெருமை. "நல்லா இருக்குல்ல? எல்லா இரும்புக்கும் பூசினேன். அதுக்கு மட்டும் மறுபடி மறுபடி பூசினேங்க. எவ்வளவு பூசினாலும் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு."

தோட்டத்து வழக்கம் அது. பால்வெட்டுக் கத்தி, அரிவாள், மண்வெட்டி எதுவானாலும் பூஜைக்கு முன் நல்லெண்ணெய் பூசித்தான் பொட்டு வைப்பார்கள், துரு அண்டாது. சுப்பையன் வீட்டில் தாய் செய்ததை மகள் செய்துவந்தாள். ஸ்பானருக்கு எண்ணெய் நல்லது. சுத்தியலுக்கு நல்லது. உலகத்தில் எண்ணெய் ஆகாத இரும்புச் சாமான் ஒன்று உண்டென்றால் அது பிரேக் ஷூ. அதை அவளுக்குச் சொன்னவர் யார்?

ராஜரத்தினம் சத்தம் போடவில்லை. "கதவைச் சாத்து" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. "கெட்டுப் போச்சா?"

"பெட்ரோல் எடு."

பெட்ரோலில் ஊறப்போட்டுக் கழுவினான். காய்ந்ததும் லைனிங் பழைய சாம்பல் நிறத்துக்கே வந்துவிட்டது. கோகிலா மூச்சு விட்டாள். ராஜரத்தினம் விடவில்லை. கரி அடுப்பைப் பற்றவைத்து ஒரு ஷூவை இடுக்கியால் பிடித்து மேலே காட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி கறுத்தது. இன்னொன்று. வேர்க்கிற நெற்றி மாதிரி லைனிங் முழுக்க எண்ணெய் துளிர்த்தது. குழம்பு கொதித்தால் எண்ணெய் மேலே வந்துதானே ஆகும். மறுபடி கழுவினான், மறுபடி சுட்டான். மறுபடி வேர்த்தது.

திடலில் மூன்றாம் சுற்றில் இதே சூடு ஏறும். ஒரு சக்கரம் கவ்வும், இன்னொன்று வழுக்கும். வண்டி பம்பரம் சுற்றிக் கால்வாய்க்குள் போகும்.

அந்த இரண்டு நாளும் யோசித்துப் பார்த்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டியது. இதையே மாட்டினால் பார்வைக்கு ஒருவருக்கும் தெரியாது. பொன்னுதுரைக்கு உயிர் போனாலும் போகும். ஊரில் கிடைக்கிற சாதாரண லைனிங்கை மாட்டினால் பழைய கதைதான், மூன்று சுற்றுக்குமேல் வேகமாக ஓட்ட முடியாது, சிங்கப்பூர் போச்சு. உண்மையைச் சொன்னால், 'அவ எதுக்கு அதுக்கு மட்டும் அப்படிப் பூசினா?' என்று மாமனார் கேட்பார், சிங்கப்பூர் வெளியே வந்துவிடும். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் சுப்பையன் தன் இலையிலிருந்து நல்ல துண்டாக எடுத்து இவன் இலையில் வைத்தார். "வேலை அதிகம் மாப்ளே உனக்கு. சாப்பிடு." ராஜரத்தினம் அதைச் சோற்றுக்கு அடியில் தள்ளினான்.

வெள்ளி சாயங்காலம் சாதாரண லைனிங்கை ரிவெட் அடித்து மாட்டினான். தகட்டில் போட்ட துளையும் புது பிரேக் எண்ணெயும் கொஞ்சம் தாங்கும். அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

சனிக்கிழமை பொன்னுதுரை வந்தார். சுப்பையன் தேநீர்க் குவளையோடு நின்றிருந்தார். ராஜரத்தினம் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஐயா, கெட்டி லைனிங் போடல. எண்ணெய் பட்டுப் போச்சு. என் கைத் தப்பு."

"எண்ணெயோ? பிரேக் லைனிங்கிலை எண்ணெயோ?" பொன்னுதுரையின் முகம் சிவந்தது. "நேற்றுச் சேர்ந்தவன்கூட இந்தப் பிழை விடமாட்டானே! சீமையிலையிருந்து கப்பலேறி வந்த சாமான். உம்மை நம்பி, வேறை ஒரு விசயமும் யோசிச்சு வைச்சனே, என்னைச் சொல்லவேணும்!"

சுப்பையன் நெற்றியைச் சுருக்கினார். "இவன் கை அப்படிக் கை இல்லீங்களே. என்னா மாப்ளே, எப்படிப் பட்டுச்சு?"

ராஜரத்தினம் துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"அவரு இல்ல." சமையல்கட்டு வாசலில் கோகிலா. "நான்தான் பூசினேன். பூஜைக்கு."

"நீயா? பூசினாலும் ஒரு கை பூசுவே. பெட்ரோல்ல கழுவினா போயிருமே. கெட்டுப் போற அளவுக்கா பூசுவே?"

"அதுக்கு மட்டும் நெறையப் பூசினேன். வேண்டிக்கிட்டுப் பூசினேன்." அவள் குரல் உடைந்தது. "அது நல்லா நின்னாத்தான் அவருக்குச் சிங்கப்பூர்ல வேலை. எங்க ரெண்டு பேருக்கும் வீடு. இந்த ஐயாதான் சொன்னாரு. இப்ப அவரைத் திட்டுறாரு."

பொன்னுதுரை சுப்பையனைப் பார்க்காமல் சாவியை எடுத்துக்கொண்டார். "சரி. நாளைக்குத் திடலிலை பாப்பம்" என்று சொல்லித் தவளையைக் கிளப்பிவிட்டார். சுப்பையன் தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். குவளையைத் தானே குழாயடியில் கழுவிக் கவிழ்த்தார். கோகிலா பிறந்ததிலிருந்து அவர் குவளை கழுவி அவள் பார்த்ததில்லை. உள்ளே போய்விட்டார்.

'போய்த் தொலைங்க' என்று ஒரு சொல் வரும் என்று ராஜரத்தினம் இரவெல்லாம் காத்துக்கிடந்தான். வரவில்லை.

ஞாயிறு காலை விமானத் திடலுக்குப் போனான். பூஜையில் விரித்த சிவப்புத் துணியை மடித்துக் கொண்டுபோயிருந்தான். பீப்பாய்களுக்கு ரொம்ப முன்னாலேயே, புல்லோரம் போய் நின்றான். "இந்தத் துணிக்கு நேரா வந்ததும் பிரேக்குல காலை வச்சிருங்க ஐயா. வச்சா கடைசிவரைக்கும் நிக்கும். தாண்டி வச்சீங்கன்னா வண்டி உங்களுது, கால்வாயும் உங்களுது."

பொன்னுதுரை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். முதல் சுற்றில் துணிக்கு நேராக வந்ததும் தவளையின் மூக்கு தாழ்ந்தது. இரண்டாவதிலும் தாழ்ந்தது. மூன்றாவதில் கருகல் வாடை வந்தது. மூக்கு தாழ்ந்தது, வண்டி நின்று திரும்பியது. மற்றவர்கள் துணியைத் தாண்டி, இன்னும் தாண்டி, பீப்பாயை உரசுகிற மாதிரி மிதித்துத் தவளையை முந்திக்கொண்டு போனார்கள். முடிவில் தவளைக்குப் பின்னால் ஒரே ஒரு வண்டிதான் வந்தது. அதுவும் டயர் வெடித்த வண்டி.

பொன்னுதுரை இறங்கிக் கண்ணாடியைக் கழற்றினார். "ஒவ்வொரு சுத்துக்கும் உம்மடை துணியைத் தாண்டச் சொல்லிக் கால் துடிச்சுது, தெரியுமோ?" குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "அந்த எண்ணெய் லைனிங்கை நீர் பூட்டியிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. இண்டைக்கு நான் கால்வாயுக்குள்ளை." கையை நீட்டினார். "தோத்தது தோத்ததுதான். ஆனால் எனக்கு இப்பிடி ஒரு ஆள் வேணும். தீபாவளி முடிய வாறீரோ?"

"வரேங்கய்யா."

யாரையும் கேட்காமல் ராஜரத்தினம் சொன்ன முதல் வார்த்தை அது. சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. காஜா பேராங்வரை சைக்கிளை மிதித்தானா, அதுவாக ஓடியதா என்று அவனுக்கே நினைவில்லை. மாமனாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தான்.

பட்டறை வாசலில் இரண்டு பீப்பாய்மேல் ஒரு நீளப் பலகை கிடந்தது. சுப்பையன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையெல்லாம் சிவப்புச் சாயத்தோடு குனிந்திருந்தார். சாயம் இன்னும் காயவில்லை. 'சுப்பையன் – ராஜரத்தினம் மோட்டார் பட்டறை.'

"உன் பேரு பெருசு மாப்ளே" என்றார் நிமிராமல். "பலகையில எடம் பத்தல. அதான் என் பேரைச் சின்னதாப் போட்டுட்டேன். நல்லா இருக்கா?"

ராஜரத்தினம் வாயைத் திறந்தான்.

"வர்றதுல பாதி உனக்கு. நாளையிலேர்ந்து. வேலைக்காரன் மாதிரி வச்சிருந்தான்னு ஊர்ல ஒருத்தன் பேசக் கூடாது." சிங்கப்பூர் என்ற பேரை அவர் எடுக்கவே இல்லை. சுத்தியலை நீட்டினார். "எனக்கு ஏணி ஏற முடியாது. நீயே அடி."

திட்டியிருந்தால் போயிருப்பான். கையை ஓங்கியிருந்தால் அன்றைக்கே பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறியிருப்பான். இதற்கு என்ன செய்வது? அவன் சமையல்கட்டு வாசலைப் பார்த்தான். கோகிலா அங்கே இல்லை. ஏற்கெனவே வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண் அவன் காலில் இருந்தது, முகத்துக்கு வரவில்லை.

பலகையைத் தூக்கும்போது அதன் முதுகு தெரிந்தது. மெர்டேக்கா வளைவு அவிழ்த்த இடத்தில் சுப்பையன் கேட்டு வாங்கி வந்த பலகை. 'மெர்டேக்கா' என்ற சொல்லில் பாதி எழுத்து இன்னும் மஞ்சளாக ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவரோடு வைத்து ராஜரத்தினம் ஆணி அடித்தான். வேலை சுத்தம், பலகை ஒரு நூல்கூடச் சாயவில்லை.

பொன்னுதுரைக்கு வரவில்லை என்று சொல்லி அனுப்பினான். தீபாவளி முடிந்து ஒரு காலையில் தவளை அந்தச் சாலையில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ராஜரத்தினம் ஒரு லோரிக்கு அடியில் கிடந்தான். விடாத பிரேக்: ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஒட்டிக்கொண்டு, டிரம் தொட முடியாத சூடு. ஆறட்டும் என்று கையை மார்பில் வைத்துக்கொண்டு படுத்திருந்தான். சுப்பையன் பக்கத்தில்தான் நின்றார். எது மோசம் என்ற அந்தக் கேள்வியை மட்டும் அவர் அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

கெட்டுப்போன ஷூக்களை ராஜரத்தினம் தூக்கிப் போடவில்லை. மறு வருஷம் ஆயுத பூஜைத் தட்டில் ஸ்பானர், சுத்தியல்களோடு அவையும் இருந்தன. கோகிலா எண்ணெய்க் கிண்ணத்தோடு தயங்கி நின்றாள்.

"இதுக்குப் பூசலாமா?"

"தாராளமாப் பூசு" என்றான் ராஜரத்தினம். "அது எங்கயும் போகப் போறதில்ல."